கவட்டைத் தையல்

சீலைப்பேனுக்குப் பதவி உண்டா? ஜெனரலின் கால்சட்டையில் குடியிருக்கும் பேன், ஒரு சாதாரணச் சிப்பாயின் பேனை வழியில் பார்த்தால் சல்யூட்டை எதிர்பார்க்குமா? முதலில் ஜெனரல்களைப் பேன் கடிக்குமா, இல்லை அதற்கும் மேலிடத்து உத்தரவு வேண்டுமா?

இதெல்லாம் சிடோனியின் மனத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வாய் மட்டும், “சரிங்க சார்ஜெண்ட்” என்று சொல்லிக்கொண்டிருந்தது.

சார்ஜெண்ட் பார்ஜிட்டர் கையிலிருந்த கடிகாரத்தை மூடினார். “வியாழக்கெழம காலைல ஜெனரல் நம்ம குளியல் நெலையத்தப் பாக்க வர்றார் மதாம். மத்தியானம் அவர் கெளம்பறதுக்குள்ள முந்நூறு பேர் குளிச்சு, உடுத்தி, வரிசைல நிக்கணும். அதனால அன்னிக்கு மட்டும் உடுப்போட வெளிப்பக்கம் தேச்சாப் போதும். கால்சட்டை மடிப்பு கத்தி மாதிரி இருக்கணும். உள்பக்கத்த யார் பாக்கப் போறா?”

‘பேன் பார்க்கும்’ என்றாள் சிடோனி, மனத்துக்குள்.

“சரிங்க சார்ஜெண்ட்” என்றாள், வெளியே.

அவளுக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். உள்ளே இருப்பவளுக்கு நாக்கு நீளம். யாரையும் விட்டுவைக்க மாட்டாள். வெளியே இருப்பவளுக்குத் தெரிந்த ஒரே சொல் ‘சரி’. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் பீருக்கான ஹாப் கொடித் தோட்டத்தில் கொட்டும் மழையில் நிறுத்திவைத்து கமீல் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, உள்ளே இருந்தவள், ‘முதலில் கூரைக்குக் கீழே போகலாம், பிறகு பேசலாம்’ என்றாள். வெளியே இருந்தவள் சரி என்றாள். அது மோசமான முடிவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் தான் சம்மதித்தது கமீலுக்கா, கூரைக்கா என்று சிடோனி இன்றுவரை தன்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். கமீல் இப்போது ஏசர் ஆற்றங்கரையில் பெல்ஜியப் படையோடு, ஜெர்மன்காரர்களுக்கு எதிரே முழங்கால் தண்ணீரில் நிற்கிறான். மாதம் ஒரு கடிதம் வரும். ‘நலம். அரிக்கிறது. மற்றவை அடுத்த கடிதத்தில்.’

பெல்ஜியத்தில், போப்பரிங்கே ஊருக்கு வெளியே இருந்த அந்தப் பழைய பீர் ஆலையை ஆங்கிலேயப் படை எடுத்துக்கொண்டு இது மூன்றாவது குளிர்காலம். பீர் ஆறவைக்கும் பெரிய மரத்தொட்டிகளில் இப்போது சிப்பாய்கள் ஊறினார்கள், ஒரு தொட்டிக்குப் பத்துப் பேர். பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் ஒருவனுக்குக் குளியல். முதல் விசில் அடித்தால் தொட்டிக்குள் குதிக்க வேண்டும். இரண்டாவது விசிலுக்குச் சோப்பு. மூன்றாவதற்கு வெளியே வந்துவிட வேண்டும், காதுக்குள் நுரை இருந்தாலும் சரி. விசில் பார்ஜிட்டரின் கழுத்தில் தொங்கியது. சமாதான காலத்தில் லீட்ஸ் நகரத்தில் டிராம் வண்டிகள் நேரத்துக்குப் போகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர். ஆட்களையும் அப்படித்தான் அனுப்பினார்.

அவர்கள் ஊறும் நேரத்தில், பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம், சிடோனி உட்பட உள்ளூர்ப் பெண்கள் எட்டுப் பேர் அவர்களுடைய மேல்சட்டையையும் கால்சட்டையையும் உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, தையல் தையலாகச் சுடச்சுட இஸ்திரிப் பெட்டியை ஓட்ட வேண்டும். சீலைப்பேன் உடம்பில் குடியிருப்பதில்லை, உடுப்பில்தான். அதிலும் தையலுக்குள்தான் ஈர் வைக்கும். தையலைச் சுடாமல் ஆளை மட்டும் குளிப்பாட்டி அனுப்புவது, எலி இருக்கும் வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல.

தடுப்பில் கதவுக்குப் பதிலாக ஒரு கம்பளி தொங்கியது. பெண்களின் மானத்தைக் காக்க சார்ஜெண்ட் தொங்கவிட்டது. அதில் கண் உயரத்தில் ஒரு ஓட்டை. எத்தனை முறை தைத்தாலும் மறுநாள் அதே இடத்தில் மறுபடி ஓட்டை விழுந்திருக்கும். அந்த ஓட்டைக்கு நேரே இருந்த மேஜை எமரன்ஸுடையது. ஆலையின் வண்டிக்காரர் ஒருவரின் விதவை, ஐம்பது வயது.

“இன்னிக்கு வந்தவனுங்க உரிச்ச கோழி மாதிரி இருக்கானுங்கடி” என்பாள். “போன மாசம் வந்தானுங்களே பாவாட கட்டின ஸ்காட்லாந்துக்காரனுங்க, அவனுங்க தேவல.”

“அவங்க பாவாட தேவலையா? ஒரு பாவாடைக்கு முப்பது மடிப்பு. என் மணிக்கட்டே போச்சு” என்பாள் சிடோனி.

“உனக்கு எப்பவும் துணி நெனப்புதான். துணிக்குள்ள ஆள் இருக்கான்டி.”

உடுப்பில் பேன் மட்டுமா வந்தது? சேறு, புகை, எல்லாவற்றுக்கும் மேலே திமிங்கில எண்ணெய். பதுங்குகுழித் தண்ணீரில் நாள்கணக்காக நின்றால் கால் ஊதி, நீலம் பாரித்து, விரல்கள் அழுகிப் போகும். அதற்காகத் தினமும் ஒவ்வொருவனும் தன் ஜோடிக்காரனின் பாதத்துக்கு அந்த எண்ணெயைத் தேய்த்துவிட வேண்டும் என்று சட்டம். தன் காலைத் தானே தேய்த்துக்கொள்ளக் கூடாது, ஏமாற்றுவான். அதிகாரி விளக்கோடு வந்து விரல் விரலாகப் பார்ப்பார். கல்யாணப் பெண்ணைக்கூட யாரும் அத்தனை கவனமாகப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த எண்ணெய் வாசத்துக்கு, ஆலைப் பூனை ஒரு முழுக் கம்பெனிச் சிப்பாய்களின் பின்னால் மீன்காரியைக் கண்டதுபோல் அணிவகுத்துப் போய்விட்டு மறுநாள்தான் திரும்பி வந்தது.

டக்வெல் அந்தக் கம்பெனியைச் சேர்ந்தவன்தான். இங்கிலாந்தில் டெவன் பக்கம் பன்றி வளர்ப்பவன், முப்பத்தாறு வயது, முகத்தைவிடக் காது பெரிது. இலையுதிர் காலத்தில் ஒருநாள், குளித்துவிட்டுப் போனவன் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து கம்பளிக்கு முன்னால் நின்றான். இரண்டு வருடத்தில் உள்ளூர் ஃப்ளெமிஷ் பாதி, ஆங்கிலம் பாதி என்று எல்லாரும் பேசிப் பழகியிருந்தார்கள்.

“மதாம், ஒரு புகார். கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“இங்கருந்து சுத்தமாத்தான் போறோம். முகாம் ரெண்டு மைல். ஒரு மைல் போறதுக்குள்ளயே ஒடம்புச் சூட்டுல ஈரெல்லாம் குஞ்சு பொரிச்சிருது.”

“எங்க?”

“கால்சட்டைல.”

“கால்சட்டைல எங்க?”

டக்வெலின் காதுகள் சிவந்தன. “பொதுவா... நடுவுல.”

“எதுக்கு நடுவுல?”

எட்டு மேஜையிலும் இஸ்திரி நின்றது. டக்வெல் கூரையைப் பார்த்தான், பூனையைப் பார்த்தான். பிறகு சார்ஜெண்டின் கரும்பலகையிலிருந்து ஒரு சாக்கட்டியை எடுத்துவந்து, சிடோனியின் மேஜை ஓரத்தில் போர்முனை வரைபடம் போடுவதுபோல் கோடு இழுத்தான்.

“இது எடது பக்கத்துக் குழி. இது வலது பக்கத்துக் குழி. ரெண்டும் மேல போய் ஒரு எடத்துல சேருது. பாருங்க, இங்க. எதிரியோட மொத்தப் படையும் இந்தச் சந்திப்புலதான் மதாம். நீங்க இங்க குண்டு போடறீங்க, அங்க போடறீங்க, பிரமாதமாப் போடறீங்க. தலைமையகத்த மட்டும் தொடாம விட்டுடறீங்க.”

எமரன்ஸ் சிரித்த சிரிப்பில் அவளுடைய பெட்டிக்கு அடியில் ஒரு மேல்சட்டை கருகிப் போனது. “அடியே, தலைமையகமாம்டி!”

சிடோனிக்கு முகம் கொதித்தது. ஏனென்றால் அவன் சொன்னது உண்மை. அந்த எட்டுப் பேருமே ஒரே மடத்துப் பள்ளியில் இஸ்திரி கற்றவர்கள். பீடத்து விரிப்பை எப்படித் தேய்ப்பது, கன்னியாஸ்திரீகளின் முக்காட்டுக்கு எப்படிக் கஞ்சி போடுவது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், ஆண்களின் கால்சட்டை வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “முழங்காலுக்கு மேல போகும்போது மனசுல ஒரு ஜெபம். கவட்டை கிட்ட வந்தா, ஒரு சாண் தள்ளிச் சுத்திக்கிட்டு வந்துரணும்.” எட்டுப் பேரும் இரண்டு குளிர்காலமாக அப்படியே சுற்றிக்கொண்டு வந்தார்கள். கை தானாகவே விலகியது. ஏனென்று யாரும் யோசித்ததில்லை. ஒரு சாண் அகலத்துக்கு ஒரு புனித பூமி. உலகத்துப் பேனெல்லாம் அங்கே அடைக்கலம் புகுந்திருந்தது.

சார்ஜெண்ட் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் அவர் ஆங்கிலேயர். அந்த இடத்தைச் சுட்டிக்காட்டி ஒரு பெண்ணிடம் பேசுவதைவிட ஜெர்மன்காரர்களிடம் சரணடைந்துவிடுவார்.

டக்வெல் போனபிறகு சிடோனி அடுத்த கால்சட்டையை எடுத்தாள். உள்பக்கம் திருப்பினாள். அரை ஜெபம் சொன்னாள், மீதி மறந்துபோனது. கண்ணை மூடிக்கொண்டு, அந்தத் தையலின் மேல் பெட்டியை வைத்தாள். அடுப்பில் உப்பைப் போட்டதுபோல் படபடவென்று வெடித்தது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அருவருப்பு என்று முதலில் நினைத்தாள். இரண்டாவது கால்சட்டையில்தான் தெரிந்தது, அது சந்தோஷம். இத்தனை வருடத்தில் ஒரு பழக்கத்தைத் தன் கையாலேயே சுட்டதில் வந்த சந்தோஷம்.

இதைப் பாவமன்னிப்பில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“எத்தன தடவ?” என்று கேட்டார் சாமியார்.

“ஒரு நாளைக்கு நாப்பது தடவ இருக்கும் ஃபாதர்.”

சிப்பாய்கள் தங்கியிருந்த பாதிரி இல்லத்தில்தான் அவரும் தங்கியிருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் அங்கியைச் சொறியும் சத்தம் கேட்டது. மன்னிப்பு உடனே கிடைத்தது.

மற்றவர்களும் மெல்ல மெல்லப் பின்பற்றினார்கள், எமரன்ஸ் முதல் ஆளாக, கண்ணை மூடாமலே.

இதில் விளையாட்டில்லாத பகுதி ஒன்று இருந்தது. காய்ச்சல். திடீரென்று குளிர் நடுக்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பை யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் வலிக்கும். ஐந்து நாளில் விடும், பிறகு மறுபடி பிடிக்கும். படை மருத்துவர் கால்வலி, தலைவலி, மனவலி எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து வைத்திருந்தார். ஒன்பதாம் நம்பர் மாத்திரை. அது வயிற்றைக் கழுவும், வேறெதுவும் செய்யாது. காய்ச்சலுக்குக் காரணம் ஈரம் என்றார் அவர். அதிகமாக யோசிப்பது என்றார் பார்ஜிட்டர். சிடோனிக்கு மருத்துவம் தெரியாது. அதிகம் சொறிகிறவர்கள்தான் அதிகம் படுக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. தலைமையகத்தைச் சுட ஆரம்பித்த பிறகு, டக்வெலின் பிரிவில் ஆறு வாரமாக ஒருவனும் படுக்கவில்லை.

டக்வெல் அதற்குமுன் இரண்டுமுறை படுத்திருந்தான். இரண்டுமுறையும் அவனுடைய விடுமுறை முறை வரும் சமயம். படுக்கையில் இருப்பவன் பெயர் விடுமுறைப் பட்டியலின் அடிக்குப் போய்விடும். அவன் மகளுக்குப் பதினாலு மாதம், இன்னும் பார்க்கவில்லை.

புதன்கிழமை மாலை, மறுநாள் குளிக்க வருபவர்களின் பெயர்களைக் கொடுக்க அவன் வந்திருந்தான்.

“மதாம், நாளைக்குக் குளிச்ச கையோட சாயங்காலமே குழிக்குப் போறோம். பதினாறு நாள். ஆனா பன்னெண்டாவது நாள் என் முறை வருது. மூணாவது தடவ.” மேஜைப் பலகையைத் தட்டிக்கொண்டான், கண் படக் கூடாது என்று. “என் பொண்டாட்டி எழுதியிருக்கா. இந்தத் தடவயும் வரலன்னா புள்ளைகிட்ட என்னை மாமான்னு சொல்லப் போறாளாம்.”

‘நாளைக்கு உள்பக்கம் தேய்க்க மாட்டோம்’ என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே இருந்தவள் அதைத்தான் சொன்னாள், இரண்டுமுறை. வெளியே இருந்தவள், “நல்லபடியாப் போயிட்டு வாங்க” என்றாள்.

வியாழக்கிழமை ஆலை முழுக்கச் சுண்ணாம்பு வாசம். பூனையை ஒரு பீப்பாய்க்குள் போட்டு மூடியிருந்தார்கள். பார்ஜிட்டர் பெண்களுக்கு எதிரே நின்று, குரலில் கொஞ்சம் தேன் கலந்து பேசினார்.

“அடுத்த மாசம் எட்டு மேஜைய அஞ்சாக் குறைக்கச் சொல்லி உத்தரவு. யார் அந்த அஞ்சு பேர்னு நாந்தான் எழுதிக் குடுக்கணும். அதனால இன்னிக்கு வேகம், மதாம்களே. வேகம், மடிப்பு.”

மேஜை போனால் சிடோனிக்கு மாமியாரின் சமையலறைதான். ‘என் கமீல் இங்க இருந்திருந்தா...’ என்று ஆரம்பிக்காத ஒரு வாக்கியம் அந்த அம்மாளிடம் கிடையாது. உப்பு குறைந்தாலும் கமீல், கதவு கிறீச்சிட்டாலும் கமீல். இந்தச் சூடான கொட்டகையும் எமரன்ஸின் வாயும் இல்லாமல் ஒரு குளிர்காலத்தை அங்கே ஓட்டுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

விசில் அடித்தது. மூட்டைகள் வந்தன. சிடோனி முதல் பத்துக் கால்சட்டைகளை வெளிப்பக்கம் தேய்த்தாள். மடிப்பு கத்தி மாதிரி நின்றது. அவ்வளவு அழகாக இருந்ததில் அவளுக்கே அவள்மேல் எரிச்சல் வந்தது.

“ஒரு நாள்தானேடி” என்றாள் எமரன்ஸ், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. “பேனுக்கும் திருவிழா வரட்டுமே.”

“பதினாறு நாள் திருவிழாவா?”

“வாயத் தொறந்தா பேச்சு வருதே உனக்கு! இத அவருகிட்டச் சொல்லேன்.”

‘சொல்கிறேன், சொல்கிறேன்’ என்றாள் உள்ளே இருப்பவள். அவள் எப்போதும் சொல்கிறவள்தான்.

பதினோராவது கால்சட்டையின் முழங்காலில் ஒரு ஒட்டு. பன்றித் தொழுவத்துச் சாக்கைத் தைக்கும் தடித்த நூலில், பல் பல்லாகப் போட்ட தையல். யாருடையதென்று சீட்டைப் பார்க்க வேண்டியதில்லை. மேஜையில் விரித்து மடிப்பு எடுத்தாள். அடுப்புச் சூட்டில் துணி இளகியது. அப்போது இடுப்புப் பட்டியிலிருந்து ஒரு பேன் வெளியே வந்தது. கொழுத்தது. புதிதாகப் போட்ட மடிப்பின் மேல், நடு ரேகையில், அவசரமே இல்லாமல் நடந்தது. அணிவகுப்பைப் பார்வையிடுகிறவரைப் போல அங்கங்கே நின்றது. முழங்கால் ஒட்டுவரை போய்விட்டுத் திருப்தியாகத் திரும்பிற்று. பிறகு தலைமையகத்தின் பக்கம் போனது.

சிடோனி பெட்டியை ஓரமாக வைத்தாள். கால்சட்டையை எடுத்து, ஒரு காலுக்குள் கையை விட்டு உள்பக்கம் திருப்பினாள். பிறகு மறுகாலை. ஏற்கெனவே தேய்த்து முடித்திருந்த பத்தையும் இழுத்துத் தன் பக்கத்தில் குவித்துக்கொண்டாள்.

“என்னடி பண்றே?” என்றாள் எமரன்ஸ், மெதுவாக. அவள் குரல் மெதுவாக வந்ததை அந்தக் கொட்டகை அதுவரை கேட்டதில்லை.

சார்ஜெண்ட் வந்துவிட்டார். கையில் கடிகாரம். “மதாம், என்ன இது? அந்தப் பத்தும் முடிஞ்சதுதானே? மறுபடி ஏன்?”

அவள் தையலை விரல்களால் விரித்துப் பிடித்தாள். ஈர்கள் ஜெபமாலை மணிபோல வரிசையாக இருந்தன. பார்ஜிட்டர் ஒரு கணம் பார்த்தார். அது எந்த இடம் என்று புரிந்ததும் கழுத்துவரை சிவந்து, சுவரில் இருந்த கரும்பலகையைப் பார்த்துப் பேசினார்.

“எனக்குத் தெரியும் மதாம். தெரியாதுன்னு நெனைக்காதீங்க. எனக்கும்தான் அரிக்குது. ஆனா இன்னிக்கு ஒருநாள். ஜெனரல் வண்டி பாலத்த தாண்டிருச்சு. இந்த ஆளுங்க மடிப்பில்லாம வரிசைல நின்னா, என் தல போயிரும்.” அவர் குரல் இறங்கியது. “அஞ்சு பேர்ல உங்க பேரத்தான் மொதல்ல எழுதி வச்சிருக்கேன். அத அழிக்க வச்சிராதீங்க. திருப்பிப் போடுங்க. வெளிப்பக்கம். தயவு பண்ணி.”

அவர் கெட்ட மனிதரில்லை. அதுதான் கஷ்டம். கெட்டவர்களுக்குப் பதில் சொல்ல உள்ளே இருப்பவளிடம் எப்போதும் ஒரு கூடை வார்த்தை இருக்கும். சிடோனி அவளைத் தேடினாள். ஒரு குத்தலாவது, ஒரு கேலியாவது எடுத்துக் கொடுப்பாள் என்று காத்திருந்தாள். உள்ளே யாரும் இல்லை. எப்போது எழுந்து வெளியே வந்தாளோ தெரியவில்லை.

தடுப்புக்கு அந்தப் பக்கம் தொட்டியில் யாரோ கட்டைக் குரலில் பாடினான். முற்றத்துக் கல்தரையில் மோட்டார் வண்டிச் சத்தம் கேட்டது.

“இல்லைங்க சார்ஜெண்ட்” என்றாள் சிடோனி.

அவள் குரல் உயரவில்லை. ‘சரி’ சொல்லும் அதே குரல்தான். அடுப்பிலிருந்து சூடான பெட்டியை எடுத்து, கன்னத்தருகே பிடித்துச் சூடு பார்த்தாள். கண்ணை மூடாமல், கவட்டைத் தையலின் மேல் வைத்து அழுத்தினாள். படபடவென்று வெடித்தது.